ஐந்தரை மணிக்கு அணைந்த விளக்கு

வண்டி நின்றுபோனது நாலு ரோடு சேரும் இடத்தில், பச்சை விழுந்த பிறகு.

சிக்னலில் நின்றபோதே அது நடுங்கத் தொடங்கிவிட்டது. ஸ்டியரிங், குளிர்ஜுரம் கண்டவன் தோள்போல அவள் கையில் உதறியது. ஸ்பீடு முள்ளுக்குப் பக்கத்தில் எஞ்சின் படம் போட்ட ஆரஞ்சு விளக்கு கண்கொட்டாமல் எரிந்தது. கிளட்சை விட்டதும் ஒரு விக்கல், அத்தோடு சரி. பின்னாலிருந்த ஹாரன்கள் எல்லாம் சேர்ந்து அவள் பிடரியில் ஏறின. ஒருவன் பக்கத்தில் வந்து கண்ணாடியை இறக்கினான்.

“வீட்ல சொல்லிட்டுக் கிளம்பினியாம்மா?”

அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அழுகை வரும், அல்லது செருப்பு வரும். இரண்டுக்கும் நேரமில்லை. பின்சீட்டில் ஐஸ் பெட்டி இருந்தது.

ஏழு கிளினிக்குகளில் எடுக்கும் ரத்தத்தை மெயின் லேபுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள் வேலை. திங்கள் முதல் வெள்ளி வரை, காலை பதினோரு மணியிலிருந்து. கார் அவளுடையது. மூன்று கை மாறி நாலாவதாக அவளிடம் வந்தது. கார் ஓடினால் வேலை, ஓடாவிட்டால் வேலை இல்லை. ஒப்பந்தத்தில் வேறு எதுவும் பெரிதாக எழுதியிருக்கவில்லை.

அன்று வண்டியை எப்படியோ கிளப்பி அவள் லேபுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐம்பது நிமிடம் தாமதம். சூப்பர்வைசர் பெட்டியைத் திறந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். ஒரு மணி நேரத்துக்குள் சோதித்தாக வேண்டியது. எட்டு மாதக் குழந்தையின் ரத்தம்.

“இது இனி ஆகாது. மறுபடியும் அந்தக் கொழந்தைக்கு ஊசி குத்தணும். அதோட அம்மாகிட்ட நீங்க வந்து சொல்றீங்களா?”

“மேடம், வண்டி...”

“வண்டி, வண்டின்னு மூணு வாரமா கேக்கறேன். இன்னொரு தடவ லேட் ஆச்சுன்னா இந்த ரூட்ட வேற ஆளுக்குக் குடுத்துருவேன். நான் கெட்டவ இல்ல. எனக்கும் மேல ஆள் இருக்கு.”

வீடு வரும்வரை அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். திட்ட வேறு ஆள் அப்போது தெரியவில்லை.

அந்த விளக்கு மூன்று வாரமாக அவளோடு கண்ணாமூச்சி ஆடிக்கொண்டிருந்தது. காலையில் இருக்காது. மூன்று நான்கு கிளினிக் ஏறி இறங்கியதும் வந்துவிடும். மறுநாள் காலை மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் மாயமாகியிருக்கும். கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம். மெக்கானிக்கோ விளக்கு இல்லாமலே வைத்தியம் பார்க்கக் கூடியவர். முதல் தடவை நாலு ஸ்பார்க் பிளக் மாற்றினார். இரண்டாம் தடவை, “காயில் போயிடுச்சு” என்று பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் ஒன்றை மாற்றினார். அதற்காக அவள் அந்த மாதம் பல் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போட்டாள். இப்போதும் இடது பக்கம் மென்றால் வலிக்கும்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மூன்றாம் தடவையாக அவரிடம் போனாள். அவர் தன் கருவியைச் செருகிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“சுத்தமா இருக்கு. ஒரு குறையும் காட்டல.”

“நேத்து நடுரோட்ல நின்னுச்சுண்ணே. லைட்டு எரிஞ்சுது.”

“எங்க எரியுது, காட்டுங்க? உங்க கண்ணுலதான் எரியுது போல தங்கச்சி.” அவரே சிரித்துக்கொண்டார். “ஒண்ணு பண்ணுங்க, ஆக்சிஜன் சென்சார், அதான் புகையில காத்து எவ்வளவுன்னு சொல்றது, அத மாத்திப் பாத்துருவோம்.”

“மாத்திப் பாத்துருவோம்னா? அதுதான் கெட்டிருக்கா?”

“மாத்தினாத்தான தெரியும்?”

அவள் பல்லைக் கடித்தாள், வலது பக்கப் பல்லை. யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினாள். மணி பார்க்கக் காரின் கடிகாரத்தைப் பார்த்தாள். 4:35 என்றது. இந்தக் கடிகாரமும் கெட்டு இரண்டு மூன்று வாரம் ஆகிறது. எத்தனை முறை சரியாக வைத்தாலும் மறுநாள் ஏதோ ஒரு மணி காட்டும். கைபேசியில் மணி 10:05.

கோபத்தில் மனக்கணக்கு வேகமாக ஓடும் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. பத்து ஐந்திலிருந்து நாலு முப்பத்தைந்தைக் கழித்தால் ஐந்தரை. காலை ஐந்தரைக்கு இந்தக் கடிகாரம் பன்னிரண்டிலிருந்து புதிதாக ஓட ஆரம்பித்திருக்கிறது. கடிகாரம் கெடவில்லை. யாரோ பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். கழற்றினால் கடிகாரம் மட்டும் அழியாது, எஞ்சினின் ஞாபகமும் அழியும், விளக்கும் அணையும்.

ஐந்தரைக்கு அவள் குளித்துக்கொண்டிருப்பாள். அந்த நேரத்தில் ஆணியிலிருந்து சாவியை எடுக்கக்கூடியவர் அந்த வீட்டில் ஒரே ஒருவர்தான்.

அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்க்கும் அவள் கணவனுக்குச் சனிக்கிழமை அரைநாள். வந்து கைகழுவிச் சாப்பிட உட்கார்ந்திருந்தான்.

“காலைல அஞ்சரைக்கு வண்டிகிட்ட என்னங்க பண்ணீங்க?”

“நானா? பால் வாங்கப் போனேன்.”

“பால் வாங்க பத்தாம் நம்பர் ஸ்பேனர் எதுக்கு?”

ஸ்பேனரைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். பால் வாங்கும் பைக்குள் கிடந்தது அது. அவன் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், சோற்றைப் பார்த்தான்.

“ஒயர கழட்டி அஞ்சு நிமிஷம் வெச்சு மாட்டினா லைட்டு போயிடும்னு ப்ரெஸ்ல கட்டிங் மிஷின்காரர் சொன்னார். நானா கண்டுபிடிக்கல.”

“எத்தன நாளா?”

“மூணு வாரம் இருக்கும்.”

“தெனமுமா?”

“ஞாயித்துக்கிழம இல்ல.” அது ஏதோ நற்சான்றிதழ் போலச் சொன்னான். “நீ ராத்திரி பூரா பொரண்டு பொரண்டு படுக்குற. காலைல லைட்டு இல்லன்னதும் உன் மொகமே மாறிடுது. அதப் பாத்துட்டு வேலைக்குப் போனா எனக்கும் கொஞ்சம் நல்லாருக்கு. அவ்வளவுதாம்மா. கெட்ட எண்ணம் ஒண்ணும் இல்ல.”

கெட்ட எண்ணம் இருந்திருந்தால்கூட அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“காய்ச்சக்காரி வீட்ல தெர்மாமீட்டர ஒளிச்சு வெச்சுட்டு, காய்ச்சல் போயிடுச்சுன்னு சொன்ன கதையா இருக்கு. எப்ப வந்துச்சு, எந்த வேகத்துல வந்துச்சு, என்ன கோளாறுன்னு எல்லாத்தையும் வண்டி எழுதி வெச்சுக்கும்ங்க. நீங்க தெனமும் அத அழிச்சிருக்கீங்க. நான் அந்த ஆள்கிட்ட வெறும் சிலேட்ட தூக்கிட்டுப் போயிருக்கேன். அவர் இஷ்டத்துக்கு எழுதிக்கிட்டார்.”

“எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?”

“தெரியாதுன்னா தொடக்கூடாது. இல்ல, எங்கிட்ட சொல்லியிருக்கணும். ரெண்டும் செய்யல. நேத்து ஒரு பச்சக்கொழந்தைக்கு ரெண்டாந்தடவ ஊசி குத்தினாங்க. நான் ரோட்ல நின்னு கண்டவன்கிட்ட ஏச்சு வாங்கினேன். திங்கக்கிழம லேட் ஆனா எனக்கு வேலை இல்ல. எம் மொகம் நல்லாருக்கணும்னு என் பொழப்புல கை வெச்சிருக்கீங்க.”

அவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

“சாப்பிடுங்க. பட்டினி கெடந்தா எனக்குப் பாவமா இருக்கும். இன்னைக்கு எனக்குப் பாவப்பட நேரமில்ல.”

அன்று மாலையும் மறுநாள் காலையும் அவள் வண்டியை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றினாள். ஏழு இடத்தில் நிறுத்தி, அணைத்து, மறுபடி கிளப்பி, கிளினிக் சுற்றுவது போலவே சுற்றினாள். ஆறாவது இடத்தில் விளக்கு வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அதைப் பார்த்து அவளுக்கு நிம்மதி.

லேபுக்கு வரும் ஆம்புலன்ஸ் டிரைவரிடம் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி உண்டு. காரில் செருகினால் கைபேசியில் கோளாறைச் சொல்லும். கேட்டு வாங்கி வந்திருந்தாள். அது காட்டியது இதுதான்: எஞ்சினுக்குள் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. கோளாறு வந்தபோது வேகம் பூஜ்யம்.

அவள் அதைச் சென்சாரின் கோளாறு என்று படிக்கவில்லை. சென்சார் கோள்சொல்கிறது என்பதற்காக அதன் வாயை மாற்றுவார்களா? அளந்து விடும் காற்று தவிர அளக்காத காற்று எங்கிருந்தோ திருட்டுத்தனமாக உள்ளே போகிறது. வேகத்தில் போகும்போது அந்தக் கொஞ்சம் தெரியாது. நிற்கும்போது எஞ்சின் மெல்ல மூச்சு விடுகிறது, அப்போது அதுவே பெரிது. அதனால்தான் சிக்னலில் நடுக்கம். ஓட்டை இருக்க வேண்டும். ஓட்டையைக் கண்டுபிடிக்கக் கடையில் பெரிய கருவி உண்டு, கட்டணமும் உண்டு. அவளிடம் துணி தேய்க்கும்போது தண்ணீர் தெளிக்கும் பாட்டில் இருந்தது.

எஞ்சினை ஓடவிட்டுக் கணவனை உள்ளே உட்கார வைத்தாள். “எதையும் தொடாதீங்க” என்றாள். அவன் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டான். மின்சார ஒயர்களை விட்டுவிட்டு, ரப்பர் குழாய்களின் மூட்டுகளில் மட்டும் ஒவ்வொன்றாகப் பீய்ச்சினாள். ஒன்று, இரண்டு, ஐந்து. எஞ்சின் சட்டை செய்யவில்லை. வளைவாகத் திரும்பும் ஒரு விரல் தடிமன் குழாயின் அடிப்பக்கம் பீய்ச்சியதும் அதன் குரல் மாறியது. நடுக்கம் ஒரு நொடி அடங்கி, தண்ணீர் உறிஞ்சப்பட்டதும் திரும்ப வந்தது. மறுபடி பீய்ச்சினாள். மறுபடி அடங்கியது.

எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, குழாயைக் கழற்றினாள். அடியில் நகம் நீளத்துக்கு வெடிப்பு. அதன்மேல் மஞ்சள் டேப் சுற்றியிருந்தது. சூட்டில் இளகிப் பாதி பிரிந்து தொங்கியது. டேப் புதிது.

ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஞாயிறு மதியம் வரை உண்டு. இருவரும் பஸ்ஸில் போனார்கள். கடை மேசையில் சாய்ந்து மெக்கானிக் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“என்ன தங்கச்சி, சென்சார் வாங்க வந்தீங்களா? வாங்குங்க, மாட்டித் தரேன்.”

அவள் குழாயை மேசைமேல் வைத்தாள். அவர் அதை எடுத்துப் பார்த்தார்.

“அட, இதுவா? காயில் மாத்தும்போதே பாத்தேனே. சின்ன வெடிப்பு. நான்தான் டேப் சுத்தி விட்டேன். இதெல்லாம் ஒண்ணும் பண்ணாது.”

அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவர் சமாளித்திருப்பார்.

“அப்ப காயில எதுக்கு மாத்தினீங்க?”

“காயில் போயிருந்துச்சும்மா.”

“போன காயில் எங்க? குடுங்க, எடுத்துட்டுப் போறேன்.”

“பழச வெச்சு நீங்க என்ன பண்ணப் போறீங்க?”

“பாப்பேன்.”

“அது இப்ப இல்ல. வேற ஒரு வண்டிக்குப் போட்டாச்சு.”

கடைக்காரர் பில் புத்தகத்திலிருந்து தலை நிமிர்ந்தார். “யோவ், போன காயில வேற வண்டிக்குப் போட்டா அந்த வண்டி எப்படிய்யா ஓடுது?”

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். மெக்கானிக்கின் காது சிவந்தது. “நீ உன் யாவாரத்தப் பாரு” என்றார்.

“விடும்மா, போலாம்” என்றான் கணவன்.

“நீங்க பேசாதீங்க.” அவள் மெக்கானிக்கிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நல்ல காயிலத்தான் கழட்டியிருக்கீங்க. அது என்னோடது. நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள இந்த மேசையில இருக்கணும். இல்லன்னா உங்க ஷெட் முன்னால வந்து நிப்பேன். சத்தமெல்லாம் போட மாட்டேன், எனக்கு வராது. வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் இதே கதைய மெதுவா சொல்லுவேன்.”

அவர் மிச்ச டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

புதுக் குழாய்க்கான விலை அவள் கைப்பையின் சில்லறைப் பகுதியிலேயே இருந்தது. அது அவள் எரிச்சலை இன்னும் கூட்டியது. வீட்டுக்கு வந்து புதுக் குழாயை அவளே மாட்டினாள்.

திங்கட்கிழமை அவள் கிளம்பும்போதும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காலை ஷிப்டை மாற்றிக்கொண்டு வீட்டிலிருந்த கணவன் வாசல்வரை வந்தான். “அந்தக் கருவியிலயே அழிக்கலாம்னு சொன்னியே?”

“அழிக்க மாட்டேன். சரியாயிருக்கான்னு வண்டி தானா பாத்துட்டு அணைக்கட்டும். நான் சொல்லி அது நம்ப வேண்டாம்.”

நாலு ரோட்டில் அன்றும் சிவப்பு விழுந்தது. நூற்றிருபது நொடி. அவள் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். எஞ்சின் மாவு அரைப்பதுபோல ஒரே சீராக ஓடியது. பச்சை விழுந்தது, போனாள். லேபில் சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார், பெட்டியைத் திறந்தார், கையெழுத்துப் போட்டார்.

“நாளைக்கும் இப்படியே வாங்க” என்றார்.

காயில் செய்தித்தாளில் சுற்றப்பட்டு மாலையில் கடை மேசைக்கு வந்திருந்தது. கொண்டுவந்தவர் நிற்காமல் போய்விட்டார் என்றார் கடைக்காரர்.

புதன்கிழமை மூன்றாவது கிளினிக் வாசலில் சாவியைத் திருப்பியபோது விளக்கு ஒரு நொடி எரிந்து தானாக அணைந்தது, மற்ற விளக்குகளோடு சேர்ந்து. மாலை வீட்டில் கணவன் இரண்டு முறை கேட்க வந்து, தண்ணீர் குடித்துவிட்டுப் போனான். மூன்றாவது முறை சாவியை அவன் கையில் வைத்தாள்.

“போய்ப் பாருங்க. உள்ள உக்காந்து பாருங்க. வண்டிக்கு முன்பக்கம் போகக்கூடாது.”

அவன் போய்ப் பார்த்துவிட்டு முகமெல்லாம் சிரிப்பாக வந்தான். வந்தவன் அவள் முகத்தைத் தேடினான்.

“மொகத்துல என்ன தேடுறீங்க? கோவம் இன்னும் இருக்கு. போறப்ப போகும். நீங்க ஒயர கழட்டாம இருங்க.”

சாவியை வாங்கி ஆணியில் மாட்டாமல் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு, அவள் சோறு போட எழுந்தாள்.