ஹிட் என்று எழுதியவர்

ஹவானா பூங்காவில், பேஸ்பால் வாதம் நடப்பதால் 'சூடான மூலை' என்று பேரெடுத்த இடத்தில் அன்றும் அதே வழக்குதான்: பந்து வீசிய பிட்ச்சர்களில் பெரியவர் ஒரெஸ்தெஸா, ஃபெர்மினா? அங்கே தீர்ப்புச் சொல்ல வாய் இருந்தால் போதும், வேறு தகுதி வேண்டாம். நிலோ மட்டும் உட்காருவதும் எழுவதுமாகத் தவித்துக்கொண்டிருந்தார். இருபது வருஷம் பேஸ்பால் ஸ்கோரராக இருந்து, எது அடித்தவன் சாமர்த்தியத்தில் வந்த ஹிட், எது ஃபீல்டரின் பிழை என்று தீர்ப்பு எழுதிய மனுஷன், இந்த வழக்கில் மட்டும் வாயே திறக்கமாட்டார்.

அன்று ஃபெர்மினே வந்து பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அதற்காக யாரும் குரலைத் தாழ்த்திவிடவில்லை. அந்த மூலைக்குத் தயவு தாட்சண்யம் கிடையாது.

பஸ் ஓட்டுகிற யூனியெல் வழக்கம்போலத் துருப்புச் சீட்டை இறக்கினான். ஃபெர்மின் ஜெயித்த ஆட்டம் அதிகம், அவுட்டாக்கிய ஆள் அதிகம், எல்லாம் ஒப்புக்கொள்கிறானாம்.

"ஆனா ஒரு ஹிட்கூட குடுக்காம ஒரே ஒரு ஆட்டம் முடிச்சிருக்காரா? ஒரெஸ்தெஸ் முடிச்சாரு. பெருசு, கோவிச்சுக்காத."

"நெசந்தானப்பா," என்று சிரித்தார் ஃபெர்மின். "கடைசி ஆளு வரைக்கும் வந்துட்டு விட்டேன்."

அந்தச் சிரிப்புதான் நிலோவைச் சுட்டது. அந்தக் கடைசி ஆள் அடித்த வளைபந்து, ஃபீல்டர் கையுறையில் பட்டுத் தெறித்தது. பிடித்திருக்க வேண்டிய பந்து. ஃபீல்டரின் பிழை என்று எழுதியிருந்தால் ஃபெர்மினுக்கு அந்தப் பெருமை கிடைத்திருக்கும். நிலோ ஹிட் என்று எழுதினார். ஃபீல்டர் அவர் தங்கை புருஷன், மறுநாள் தேசிய அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். தன் வீட்டு ஆடு ஊரான் பயிரை மேய்ந்தால் யார்தான் கல்லெடுப்பார்?

"அது ஹிட் இல்ல," என்றார் நிலோ. "என் மச்சான் கோட்டை விட்டது. தெரிஞ்சேதான் மாத்தி எழுதினேன்."

திட்டட்டும், அடிக்கட்டும் என்று நின்றார் நிலோ. முப்பது வருஷம் கழித்து நெஞ்சு லேசானது போலக்கூட இருந்தது.

ஃபெர்மின் திட்டவில்லை. தன் வலது கை விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கைக்கு நிக்காத அடின்னு மறுநாள் பேப்பர்ல போட்டிருந்தான். என் வளைபந்து செத்துப்போச்சுன்னு நெனச்சேன், நிலோ. அதுக்கப்புறம் அதை நான் போடவே இல்ல."

யூனியெல்தான் மெல்லக் கேட்டான். "அப்புறம் எத்தனை வருஷம் ஆடினீங்க?"

"ஏழு."

நிலோ மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். ஒரே ஒரு ஆட்டத்துக்கு மன்னிப்புக் கேட்கத்தான் அவர் தைரியம் சேர்த்து வைத்திருந்தார்.