சிம்சோனின் பல்

பூனைக்கும் மனிதனுக்கும் பல்லாயிரம் ஆண்டுகளாக நடக்கும் போரில் மனிதன் இன்னும் ஜெயிக்காததற்கு ஒரே காரணம், நான் இத்தனை நாள் அதில் இறங்காததுதான். புதன்கிழமை இறங்கினேன். வியாழக்கிழமை என் ஐந்து விரல்களிலும் பிளாஸ்திரி.

குட்டியின் பெயர் சிம்சோன். பொத்தேரியில் டீக்கடைக்குப் பின்னால் கிடந்ததை ராஜகீழ்ப்பாக்கம் மாடி அறைக்குத் தூக்கி வந்தவன் என் அறைத்தோழன் காலேப். மாடியில் துணி காயப்போட வந்த ஹவுஸ் ஓனர் ஜெயசீலி ஆன்ட்டியின் கணுக்காலை அது கடித்து வைத்தது. ஆன்ட்டி ஊசி போட்டுக்கொண்டு நேராக எங்கள் கதவுக்கு வந்தார்.

"ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு வருவேன். கைய நீட்டுவேன். கடிச்சுதுன்னா அதுவும் வெளிய, நீங்களும் வெளிய. எனக்கு எப்படியும் இன்னும் மூணு ஊசி பாக்கி இருக்கு."

என் முறை எளிது. கடித்தால் மூக்கில் ஒரு சுண்டு. சுண்டினேன், கடித்தது. பலமாகச் சுண்டினேன். முன்னங்கால் இரண்டாலும் கையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கடித்தது.

காலேப்பின் முறை மானக்கேடு. கடித்ததும் கையை இழுக்காமல், குட்டி போலவே "ஈய்க்" என்று கீச்சிடுவான். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வான். பேச்சு கிடையாது, விளையாட்டு கிடையாது.

"பூனைகிட்ட கோச்சிக்கினியாடா? வெக்கமா இல்ல?"

"கூடப்பொறந்த குட்டிங்க இப்படித்தான் மச்சான் சொல்லித்தரும். இதுக்கு சொல்லித்தர யாரு கீறாங்க?"

"நான் மனுஷன்டா. கீச்சுகீச்சுன்னு கத்த மாட்டேன்."

"மனுஷன்!" காலேப் எழுந்தே விட்டான். "வந்த நாள்லேர்ந்து வெளையாட்டுன்னு கைய வுட்டு அதோட சண்ட போட்டு, கடிக்கக் கத்துக்குடுத்ததே நீதான்டா! ரூம் போனா போவட்டும். இத மறுபடி ரோட்ல வுடற மாதிரி ஆச்சு, உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்."

உண்மையைச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? சனிக்கிழமை முழுக்க நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

ஞாயிறு. ஆன்ட்டி பைபிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்து விரலை நீட்டினார். சிம்சோன் முகர்ந்தது. வாயைத் திறந்தது. பல் விரலில் பதிந்தது. காலேப்பும் வாயைத் திறந்தான். பயத்தில் சத்தம் வரவில்லை.

"ஈய்க்."

சிம்சோன் விரலை விட்டது. ஒருமுறை நக்கியும் கொடுத்தது.

ஆன்ட்டி விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரத்தம் இல்லை. "சரி, இருந்துட்டுப் போவட்டும்," என்று எழுந்தார். "ஆமா, யாருடா கத்துனது?"

காலேப் என்னைப் பார்த்தான்.

நான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.