பன்னிரண்டு மணிச் சங்கு

வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்கிறேன்: இனி வருவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கை கம்பளி அங்கிக்குள் இருப்பதால் நீங்கள் பார்க்க முடியாது. மார்ச் மாதத்தில் எங்கள் மலையில் குளிர் அப்படி. ரொட்டியும் உப்பும் சாட்சி.

அல்ஜீரியாவில் எங்கள் ஊரைத் தாண்டினால் துனிசியா. பள்ளிக்கூடத்துக்கு எதிரே என் காபிக் கடை. என் காபியின் காட்டத்தைப் பற்றி நானே சொல்லிக்கொள்ளக் கூடாது. ஒருமுறை ஒரு கிழட்டுக் கழுதை அதை முகர்ந்து பார்த்துவிட்டு, முதலாளியைத் தேடிப் போய் வேலை கேட்டது. அவ்வளவுதான் சொல்வேன்.

பிரெஞ்சுக்காரனோடு நடந்த போர் முடிந்து இருபத்தைந்தாம் ஆண்டு அது. தலைநகரிலிருந்து புதிதாக வந்திருந்த ஸகியா டீச்சர், அந்த நாளைப் பிள்ளைகள் ஆயுளுக்கும் மறக்கக் கூடாது என்று முடிவெடுத்துவிட்டார். மார்ச் பத்தொன்பது, பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் சண்டை நின்றது. அதனால் அந்த நேரத்துக்கு ஊராட்சி அலுவலகத்துச் சங்கு ஊதும். ஊதியதும் பிள்ளைகள் எழுந்து, இரண்டு கைகளையும் உயரத் தூக்கி, "முடிஞ்சது!" என்று கத்த வேண்டும். வாரம் முழுக்க ஒத்திகை. டீச்சர் வாயாலேயே சங்கு ஊதுவார். பள்ளிக்கூரையில் கூடு கட்டியிருந்த நாரைகூட, பிள்ளைகள் கத்தும்போதெல்லாம் இரண்டு சிறகையும் தூக்க ஆரம்பித்துவிட்டது. என் கண்ணால் பார்த்தேன்.

அதோடு நிற்காமல் டீச்சர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். அன்று ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து போரின் நினைவாக ஒரு பொருள் கொண்டுவர வேண்டும்.

அன்று மதியத்துக்குச் சற்று முன்னால் டீச்சர் என் கடைக்கு வந்தார். தெருவைக் கடந்து மெதுவாக, கண்ணாடிமேல் நடப்பதுபோல வந்தார். முகம் சுண்ணாம்பு.

"லம்னவர் அண்ணே, கொஞ்சம் வர்றீங்களா?"

"என்ன டீச்சர், காபியா?"

"இல்ல. ஓடி வராதீங்க. நடந்து வாங்க. தரை அதிரக் கூடாது."

வகுப்பறையில் பிள்ளைகள் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொருவராக ஜன்னல் வழியாக இறங்கிப் போயிருந்தார்கள். மேசையில் அப்பாக்களின் மெடல்கள், நசுங்கிய தண்ணீர்க் குடுவை, ஒரு ஒற்றை பூட்ஸ். நடு பெஞ்சில் எட்டு வயது தலீலா மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

எங்கள் பள்ளி பெஞ்சுகள் பிரெஞ்சுக்காரன் காலத்தவை. ஒவ்வொன்றிலும் மைக்கூடு வைக்க ஒரு வட்ட ஓட்டை உண்டு. தலீலாவின் ஓட்டையில் மைக்கூடு மாதிரியே ஒன்று, அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்திருந்தது. அதன்மேல் அவள் உள்ளங்கை.

எல்லையைத் தாண்டிப் போராளிகள் வரக் கூடாது என்று பிரெஞ்சுக்காரன் மலை நெடுகப் புதைத்துவிட்டுப் போன கண்ணிவெடி அது. பார்வைக்கு அப்படி இருப்பதால் ஊரில் அதற்குப் பெயரே மைக்கூடுதான். மழை பெய்தால் உருண்டு வயலுக்கு வரும்.

"எங்க வீட்டுல மெடல் இல்ல மாமா," என்றாள் தலீலா. "கொட்டகையில ரொம்ப நாளா இதுதான் கெடந்துச்சு. செத்துப்போச்சுன்னு அப்பா சொன்னாரு. ஓட்டையில வச்சு அமுக்கினேன். டிக்குன்னுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் கையை எடுக்கல."

"கெட்டிக்காரி. எடுக்காத."

"பன்னெண்டு மணிக்கு எடுத்துடுவேன். சங்கு ஊதினா எல்லாம் முடிஞ்சுடும்ல?"

டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சங்கை நிறுத்தச் சொல்லுங்க," என்றேன் தாழ்ந்த குரலில்.

"ஊராட்சித் தலைவர் போய்ச் சங்கு ரூம் கதவைத் தட்டிக்கிட்டே இருக்காரு அண்ணே. அந்த ஆளு திறக்கல."

எப்படித் திறப்பான்? சங்கு ஊதுகிற ஸ்லிமானுக்குக் காது கேட்காது. அந்தச் சத்தத்தைத் தாங்கக்கூடியவன் ஊரில் அவன் ஒருவன்தான் என்று அவனை அந்த வேலையில் வைத்திருந்தார்கள். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி கைப்பிடியைப் பற்றி உட்கார்ந்திருப்பான்.

டீச்சர் பெஞ்சருகே மண்டியிட்டார். "தலீலா, இன்னைக்கு மட்டும் நீ கையைத் தூக்க வேணாம்மா."

"போன வாரம் தூக்கலைன்னுதானே டீச்சர் என்னை வெளிய நிக்க வச்சீங்க?"

டீச்சர் அவள் கையைத் தொடப் போய், தன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இப்ப கை மரத்துப்போச்சு மாமா," என்றாள் பிள்ளை. லேசாக நெளிந்து உட்கார்ந்தாள். பெஞ்சின் மரம் மெல்லக் கிறீச்சிட்டது. கூரையில் நாரை நடையை நிறுத்தியது.

டீச்சரை வெளியே போகச் சொன்னேன். அவர் கதவு வரைக்கும்தான் போனார்.

நான் தலீலாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் வலது கையைப் பற்றி ஊருக்கே தெரியும். கொதிக்கும் காபிச் செம்பைத் துணியில்லாமல் தூக்கும், குளவியை மீசையைப் பிடித்து வெளியே விடும். அதன் சுண்டுவிரலை அவள் உள்ளங்கைக்கு அடியில் நுழைத்தேன். பிறகு அடுத்த விரல். இரும்பு பனிக்கட்டி மாதிரி இருந்தது. ஏதோ அடித்துக்கொண்டிருந்தது. என் நாடியா, அதனுடையதா, தெரியவில்லை. வியர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது. அது பெஞ்சில் விழுந்தாலே போதும் என்று நினைத்து, நாக்கை நீட்டிப் பிடித்து விழுங்கினேன். கட்டைவிரல் உள்ளே போகவேண்டியதுதான் பாக்கி.

சங்கு ஊதியது.

தலீலா துள்ளி எழுந்தாள். இரண்டு கைகளையும் உயரத் தூக்கி, "முடிஞ்சது!" என்று கத்தினாள்.

என் வலது கை அதன்மேல் விழுந்திருந்தது.

சங்கு ஓயவே இல்லை. ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின, மேசைமேல் மெடல்கள் ஒன்றோடொன்று உரசின. டீச்சர் ஓடிவந்து பிள்ளையை வாரிக்கொண்டார். வாசலைத் தாண்டும்போது தோளுக்கு மேலாகத் தலீலா என்னைப் பார்த்தாள்.

"மாமா, முடிஞ்சதா?"

"முடிஞ்சது. போம்மா."

"அப்ப நீங்க ஏன் கையை எடுக்கல?"

வெடி எடுக்கும் ராணுவக்காரர்கள் ஒரு மலைக்கு அந்தப் பக்கமிருந்து வரவேண்டும். வழியில் ஜீப் பஞ்சர். வெயில் சரிந்து பெஞ்சின் நிழல் சுவரில் ஏறும்வரை அப்படியே இருந்தேன். ஜன்னலுக்கு வெளியே தலைவர் என் துணிச்சலைப் பற்றிப் பேசினார். கை தட்டினால் அதிருமே என்று கூட்டம் தலையை மட்டும் ஆட்டியது. நடுவில் யாரோ குச்சி நுனியில் கட்டி நீட்டிய என் கடைக் காபியை இடது கையால் வாங்கிக் குடித்தேன். கொஞ்சம் சர்க்கரை கூடுதல். கடைசியில் வந்து சேர்ந்த சார்ஜென்ட் வெடிக்குள் ஒரு ஊசியைச் சொருகி, "எடுங்கண்ணே," என்றான். என் விரல்கள் கேட்கவில்லை. அவன்தான் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தான், ஐந்தையும்.

போர் முடிந்து இரண்டு வருடம் கழித்து, எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, கோதுமை வயலோரத்தில் கிடந்த ஒரு மைக்கூட்டை நான் கையில் எடுத்தேன். அன்றிலிருந்து எனக்கு வலது கை கிடையாது.