ஒற்றைச் சப்பாத்து

சத்தியசீலனை உள்ளே வைத்துப் பூட்டியது யாருமில்லை, அவனேதான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவன் தன் கேமராவால் கெட்டான்.

கலும்பாங் ஊரைத் தாண்டி, செம்பனைத் தோப்புக்கு நடுவே மண்சாலையில் போனால் ஒரு பழைய தோட்டம் கிடக்கிறது. ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட காலத்தில் ஆட்களை லோரியில் ஏற்றிக் கிளப்பிவிட்டார்கள். மிஞ்சியது ஆட்கள் குடியிருந்த இரண்டு வரிசை லயம், கணக்கெழுதும் கிராணியின் கூரை போன வீடு, ஆலமரத்தடியில் ஒரு முனியாண்டி, கொஞ்சம் தள்ளி ஒரு புகைவீடு. ரப்பர்ப் பாலை உறைய வைத்துத் தகடாக்கி, இந்த வீட்டுக்குள் வரிசையாகத் தொங்கவிட்டு, கீழே விறகு மூட்டி உலர்த்துவார்கள். புகை வீணாகக் கூடாதென்று சன்னலே வைக்காமல் கட்டியது. கதவு கனத்த பலகை. சாத்தினால் வெளிப்பக்கத்து இரும்புக் கொண்டி தானாக விழுந்து மாட்டிக்கொள்ளும். உள்ளே கைப்பிடி கிடையாது. புகைக்குக் கைப்பிடி எதற்கு?

இதெல்லாம் அந்தக் காலத்துத் தோட்டத்து ஆட்களுக்குத் தெரியும். கோலா சிலாங்கூரில் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் படம் எடுக்கும் சத்தியசீலனுக்குத் தெரியாது. கூரைத் தகரத்தில் ஓர் ஓட்டை. அதன் வழியே வெயில் கயிறு மாதிரி இறங்கித் தரையில் விழுந்தது. ‘கதவைச் சாத்தினால் இன்னும் அழகாக விழுமே’ என்று நினைத்தான். சாத்தினான். வெளியே ‘டக்’ என்றது. அந்த ‘டக்’குக்கு என்ன பொருள் என்பதுகூட அவனுக்கு உறைக்கவில்லை. ஆசை தீரப் படம் எடுத்து முடித்து, கதவைத் தள்ளியபோதுதான் உறைத்தது.

தள்ளினான், உதைத்தான், தோளால் இடித்தான். பழைய காலத்துக் கட்டை, அசையவில்லை. கைப்பேசியைக் காரில் சார்ஜில் போட்டிருந்தான். தண்ணீர்ப் போத்தலும் காரில்தான். போகட்டும், வீட்டில் தேடுவார்களே என்றால் அதற்கும் வழியில்லை. மனைவி விமலா காலையில், “எங்கப் போறீங்க?” என்று கேட்டதற்கு, “வடக்க” என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். சிலாங்கூருக்கு வடக்கே தாய்லாந்துகூடத்தான் இருக்கிறது.

இடத்தைச் சொல்லாதது அவனுடைய கொள்கை. கைவிடப்பட்ட கட்டடங்களையும் மறந்துபோன சாமான்களையும் படம் பிடித்து முகநூலில் போடுவான். “இடத்தின் பெயரைச் சொன்னால் பழைய இரும்புக்காரன் லோரியோடு வந்துவிடுவான்” என்று எழுதுவான். என்ன பொறுப்பு, என்ன பண்பு என்று ஆயிரக்கணக்கான பேர் மெச்சினார்கள். உண்மைக் காரணம் வேறு. யாராவது அந்த இடத்தைத் தேடி வந்தால், படத்தில் இருக்கும் சாமான் அங்கே இருக்காது.

ஏனென்றால் அது அவன் பையில் இருக்கும். ஒரு கண் இல்லாத பொம்மை, விளிம்பு பெயர்ந்த மங்குக் குவளை, வெள்ளைக் கான்வாஸில் பிள்ளை காலுக்குப் போடும் பள்ளிச் சப்பாத்து ஒன்று. இதே மூன்றைத்தான் பாழடைந்த வீடு வீடாகச் சுமந்துபோய், வாசலில் வைத்து, சன்னலில் வைத்து, ஊரை அழவைத்துக்கொண்டிருந்தான். அதிலும் சப்பாத்து கெட்டிக்காரச் சரக்கு. ஜோடியாக வைத்தால் உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று தோன்றும், ஒற்றையாக வைத்தால்தான் தொண்டை அடைக்கும் என்று அவன் கண்டுபிடித்து வைத்திருந்தான். அது அவன் மகள் துளசி ஒன்றாம் வகுப்பில் போட்டது. மற்றொன்று வீட்டு அலமாரியில் கிடந்தது.

போன மாதம் இதே தோட்டத்து லயத்துப் படிக்கட்டில் அதை வைத்து எடுத்த படத்தைப் போல் வேறெதுவும் பரவியதில்லை. ‘இதைப் போட்டு நடந்த சின்னக் கால் இனி வராது’ என்று கீழே எழுதியிருந்தான். அந்த ருசிதான் இன்று அவனைத் திரும்ப இழுத்து வந்தது. இப்போது அந்தச் சப்பாத்து புகைவீட்டுத் தரையில், வெயில் விழும் இடத்தில், அழகாக உட்கார்ந்திருந்தது.

வெயில் ஏற ஏறத் தகரம் காய்ந்தது. உள்ளே காற்று அசையவில்லை. சுவரெல்லாம் எப்போதோ படிந்த கரி, தொட்ட இடமெல்லாம் கறுப்பு. கத்திக் கத்தித் தொண்டை வறண்டது. சுவரில் பெயர்ந்த செங்கல் ஒன்றை எடுத்துக் கதவில் அடித்தான், செங்கல்தான் உடைந்தது. மேலே ஏறித் தகரத்தைப் பெயர்க்கலாம் என்று தகடு தொங்கவிடும் கம்பில் கால் வைத்தான். உளுத்த கம்பு முறிந்து, இடுப்பு அடிபட விழுந்தான். விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். யாரும் வரமாட்டார்கள், யாருக்கும் தெரியாது, தெரியக்கூடாது என்று பார்த்துப் பார்த்து ஏற்பாடு செய்ததே அவன்தான். எலும்பாகக் கிடந்து, தன்னைப்போல் எவனாவது கேமராவோடு வந்து, தன்னையும் அழகாகப் படம் எடுப்பானோ என்று நினைத்தபோது வாய்விட்டே அழுதான்.

அழுது முடித்த பிறகு சாமி ஞாபகம் வந்தது. “முனியாண்டி, கதவ மட்டும் தொறந்து விட்ரு. இந்தப் பொய்ப் பொழப்ப இன்னியோட விட்டுட்றேன். சத்தியமா” என்று சுவரைப் பார்த்துக் கும்பிட்டான். ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி என்பது முனியாண்டிக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் கேட்டுவிட்டார்.

தூரத்தில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. சத்தியசீலன் எழுந்து, இரண்டு கையாலும் கதவைக் குத்தினான். “யாராச்சும் இருக்கீங்களா! தொறங்க! உள்ள மாட்டிக்கிட்டேன்!”

மோட்டார் நின்றது. லாலான் புல்லை விலக்கிக்கொண்டு யாரோ வரும் சத்தம். கொண்டி துருவில் இறுகியிருக்க வேண்டும், இரும்பால் இரும்பைத் தட்டும் ஓசை கேட்டது. கதவு முனகிக்கொண்டு திறந்தது. வெளிச்சத்தில் ஓர் அம்மாள் நின்றாள். அறுபதைத் தாண்டிய வயது, தலையில் துண்டு, காலில் ரப்பர் பூட்ஸ், கையில் பாராங் கத்தி.

“ஐயோ தம்பி! இதுக்குள்ள ஏன் போனீங்க? கதவுக்குக் கல்லு முட்டுக் குடுக்காம இதுக்குள்ள வரவே கூடாதே” என்றாள். ஓடிப்போய் மோட்டார் கூடையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சத்தியசீலன் மூச்சுவிடாமல் குடித்தான். பெற்ற தாய்கூட அவ்வளவு அழகாக அவன் கண்ணுக்குத் தெரிந்ததில்லை.

“எம்பேரு இராஜம்மா. இந்தத் தோட்டத்துலதான் மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தேன். இப்ப கலும்பாங்குல ஃப்ளாட்டுல இருக்கேன். நீங்க படம் எடுக்க வந்தீங்களா?” அவன் கழுத்தில் தொங்கிய கேமராவைப் பார்த்தாள். பிறகு சட்டென்று முகம் மாறியது. இடுப்பிலிருந்து கைப்பேசியை எடுத்து நீட்டினாள். “தம்பி, இது நீங்க எடுத்ததா?”

அந்தப் படம்தான்.

“பக்கத்து வீட்டு ஜஸ்மின் காட்டுச்சி. எடம் போடல. ஆனா படியப் பாத்தேனே! ஒடஞ்ச பீங்கான் தட்டப் பதிச்சி எங்க வீட்டுக்காரரு போட்ட சிமிந்தி அது. எம்வீட்டுப் படி. எம்மவ சப்பாத்து.” படத்தை விரலால் பெரிதாக்கிக் காட்டினாள். “கங்கா. ஏழு வயசுல காய்ச்சல்ல போய்ட்டா. அவ சப்பாத்த ஒரு பிஸ்கட் டின்னுல போட்டு வச்சிருந்தேன். தோட்டத்த விட்டுக் கெளம்புறப்ப எங்க வீட்டுக்காரரு, செத்த புள்ள சாமான் புது வீட்டுக்கு ஆவாதுன்னு சொல்லிட்டாரு. நானும் விட்டுட்டு வந்துட்டேன். அவரும் போய்ட்டாரு இப்ப. இனிமே எனக்கு என்ன ஆகுறது ஆகாதது? போன வாரமும் வந்து தேடுனேன். அத எங்க வச்சீங்க, தம்பி?”

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் சத்தியசீலன் நின்றான். அவன் சொல்ல வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. அவன் தோளைத் தாண்டிப் பார்த்த இராஜம்மா, வெயிலில் உட்கார்ந்திருந்த சப்பாத்தைக் கண்டுவிட்டாள். “எம்மா!” என்று அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“மழையில நனையக் கூடாதுன்னு உள்ள எடுத்து வச்சீங்களா?”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். முனியாண்டிக்குச் செய்த சத்தியத்தின் ஈரம்கூட இன்னும் காயவில்லை. ஆனால் தலை ஆமென்று அசைந்துவிட்டது.

“நல்லா இருப்பீங்க” என்றாள் இராஜம்மா. சப்பாத்தின் நாக்கைப் பிரித்துப் பார்த்தாள். “இங்க பேனாவுல பேரு எழுதியிருந்தேன். அழிஞ்சி போச்சி. எத்தன மழ! கொஞ்சம் பெருசாட்டம் இருக்கு. ஊறி ஊறி விரிஞ்சிருக்கும்.” அவன் சொல்ல வேண்டிய பொய்களையெல்லாம் அவளே தேடித் தேடி அவனுக்கு எடுத்துக் கொடுத்தாள். கதவு திறந்துதான் இருந்தது, ஆனால் அவனால் அந்த இடத்தைவிட்டு ஓர் அடி நகர முடியவில்லை.

“இன்னொன்னையும் எடுத்துக் குடுத்துருங்க தம்பி. செவுத்து மேல, மோட்டுக்குக் கீழதான் டின்ன வச்சேன். எலி தட்டிவிட்டு, ஒன்னு மட்டும் வாசல்ல வந்து விழுந்திருக்கும். எனக்கு எட்டல. நீங்க ஒசரமா இருக்கீங்க.”

போனான். போகாமல் எப்படி இருப்பது? அவள் பாராங்கால் புல்லை வெட்டி வழி செய்துகொண்டே முன்னால் நடந்தாள். சப்பாத்து இடது கையில், நெஞ்சோடு. பீங்கான் பதித்த படியை மிதிக்காமல் தாண்டி உள்ளே போனாள். அவனும் தாண்டினான். போன மாதம் அந்தப் படியில் முழங்கால் ஊன்றிப் படம் எடுத்தவன்தான்.

லயத்து வீடுகளுக்கு நடுச்சுவர் கூரைவரை போகாது. சுவர் உச்சிக்கும் கட்டைக்கும் இடையில் கை நுழையும் அளவு சந்து இருக்கும். ஓர் எண்ணெய்த் தகரத்தைக் கவிழ்த்து அதன்மேல் ஏறினான். இருட்டில் கையை விட்டான். தூசி, பல்லி முட்டை, ஒரு துருப்பிடித்த கத்தி. இன்னும் உள்ளே நீட்டினான். விரலில் தகரம் பட்டது.

மெல்ல இழுத்தான். சதுர டின். மூடி துருவேறி இறுகிக் கிடந்தது. எலி தட்டவுமில்லை, யாரும் திறக்கவுமில்லை. சாய்த்தபோது உள்ளே மெத்தென்று ஏதோ நகர்ந்தது. இரண்டும் உள்ளேதான் இருந்தன.

கீழே நிற்பவளுக்கு இது தெரியாது. ‘ஒன்றுமில்லை அம்மா’ என்று சொல்லி உள்ளே தள்ளிவிட்டால் முடிந்தது. அவளுக்கு ஒரு சப்பாத்து கிடைத்த நிம்மதி, அவனுக்கு மானம். யாருக்கு என்ன நட்டம்? சந்துக்குள் கையை வைத்தபடி நின்றான். வியர்வை கண்ணில் இறங்கியது. புகைவீட்டுக்குள் இருந்தபோதாவது வெளியே போக வேண்டும் என்று தெரிந்தது. இங்கே எந்தப் பக்கம் வெளியே என்றுகூடத் தெரியவில்லை.

“இருக்கா தம்பி?”

கீழே பார்த்தான். துளசியின் சப்பாத்தை அந்த அம்மாள் கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளுடைய கங்காவின் சப்பாத்து இங்கே இருட்டில், இவன் விரலடியில் கிடந்தது. அதைத் திரும்ப உள்ளே தள்ள அவன் கை வரவில்லை.

“இருக்கும்மா” என்று சொல்லி டின்னை இறக்கிக் கொடுத்தான்.

இராஜம்மா தரையில் உட்கார்ந்து பாராங் முனையால் மூடியை நெம்பினாள். உள்ளே ஒரு துணி. துணிக்குள் இரண்டு சப்பாத்து, சின்னஞ்சிறியவை, மஞ்சளாகிப் போனவை. நாக்கில் நீல மையில் ‘கங்கா’ என்று கோணல் எழுத்து. அவள் நெடுநேரம் அந்த எழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். அழவில்லை. பிறகு மடியில் இருந்த மூன்றாவது சப்பாத்தைப் பார்த்தாள். அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்ப இது யாருது?”

“எம்மவளோடதும்மா.”

அவள் முகம் இளகியது. “ஒங்க புள்ளையும் போயிருச்சா, தம்பி?”

இன்னொரு கதவு. இதையும் சாத்திக்கொண்டு உள்ளே இருந்துவிடலாம். ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதும், அவள் கட்டிப்பிடித்து அழுதிருப்பாள்.

“இல்லம்மா. வீட்லதான் இருக்கா. ஃபார்ம் ஃபோர் படிக்கிறா. நான்தான்... படத்துக்காக... ஒங்க வாசல்ல கொண்டாந்து வச்சேன்.”

இராஜம்மா எழுந்தாள். அறைவாள் என்று நினைத்தான், அறைந்தால் தேவலை என்றும் இருந்தது. பாராங்கைக் கீழே வைத்தாள்.

“உசுரோட இருக்குற புள்ள சப்பாத்தையா செத்த வீட்டு வாசல்ல வச்ச?” அதுவரை ‘நீங்க’ என்றவள் ‘நீ’ என்றாள். “கீழ என்ன எழுதுன? ஜஸ்மின் படிச்சிக் காட்டுச்சி. இந்தக் கால் இனி வராதுன்னு எழுதுன. ஒம் மவ காலடா அது! எந்த அப்பன்டா அப்படி எழுதுவான்?”

இத்தனை நாளில் சத்தியசீலனுக்கு அது ஒருமுறைகூடத் தோன்றவில்லை. எழுதும்போது எழுத்து நன்றாக வந்திருக்கிறதா என்றுதான் பார்த்தான்.

இராஜம்மா தலைத் துண்டை அவிழ்த்து, துளசியின் சப்பாத்தைத் துடைத்தாள். அடியில் ஒட்டியிருந்த புகைவீட்டுக் கரியை நகத்தால் சுரண்டி எடுத்தாள். நாடாவை முடிந்தாள். அவன் கையில் திணித்தாள்.

“மொதல்ல அந்த எழுத்த எடு. வீட்டுக்குப் போயி இத அலசி, மத்ததோட சேத்து வை. ஒத்தையா வைக்காத. கேக்கவே நடுங்குது.”

டின்னை மோட்டார் கூடையில் வைத்துத் துண்டால் இறுக்கிக் கட்டினாள். திரும்பிப் பார்க்காமல் போனாள்.

காரில் ஏறிக் கைப்பேசியை எடுத்தான். துளசியிடமிருந்து செய்தி வந்திருந்தது. ‘அப்பா எங்க இருக்கீங்க? அம்மா சாப்பிட கூப்டுறாங்க லா.’ அதைப் படித்தான். மறுபடியும் படித்தான். ஒரு கையில் கைப்பேசி, மறு கையில் சப்பாத்து. காரை எடுப்பதற்கு அதை எங்கேயாவது வைத்தாக வேண்டும். பக்கத்து இருக்கையில் வைத்துப் பார்த்தான், உடனே எடுத்துவிட்டான். கீழே வைக்கவும் மனம் வரவில்லை. ஒற்றையாக எங்கே வைத்தாலும் அது அந்தப் படம் மாதிரியே இருந்தது.