எந்த மாமாவுக்கு ஊசி

மாமனாரைத் தன் வார்டில் சேர்க்க வேண்டாம் என்று சுமித்ரா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். சொந்தக்காரரை நர்ஸ் பார்க்கக் கூடாது என்று இன்சார்ஜ் பிரேமலதாவும் சொன்னார். கேட்கிற ஜனமா அது? கல்யாணமான புதிதில், கண்டவன் மூத்திரம் அள்ளுகிற வேலை நம் குடும்பத்துக்கு எதற்கு என்று முகத்தைச் சுளித்த அதே மாமியார் செங்கம்மா, இப்போது திருப்பதி ஆஸ்பத்திரியின் வராந்தா முழுக்க, "எம் மருமக இங்க பெரிய நர்ஸு" என்று தம்பட்டம் அடித்துக்கொண்டிருந்தாள். சர்க்கரையும் காலில் புண்ணுமாகப் பிச்சாட்டூரிலிருந்து வந்த மாமனார் சின்னசாமியோ, சம்பந்தி வீட்டுக்கு விருந்துக்கு வந்தவர்போலக் கட்டிலில் சாய்ந்துகொண்டு, ஃபேன் காற்று போதவில்லை என்றார்.

வம்பு முதல் ஊசியிலேயே ஆரம்பித்தது. நோயாளியின் பேரைச் சொல்லிக் கேட்டு, அவர் ஆமாம் என்ற பிறகுதான் ஊசி போட வேண்டும். அது வார்டு சட்டம். எல்லாரிடமும் கேட்பதுபோல, "சின்னசாமியா?" என்று சுமித்ரா கேட்டுவிட்டாள். பெரியவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். செங்கம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"இன்னாமே, மாமனார பேரு சொல்லிக் கூப்புடற? நானே இதுவரிக்கும் அவுரு பேர வாயால சொன்னதில்ல."

சித்தூரில் மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் இருந்த கணவன் ஹேமநாத்துக்கு உடனே போன் போனது. "நைனா மனசு நோவுது. மாமான்னு சொன்னா இன்னா கொறஞ்சிப் போவுது?" என்றான் அவன். வந்து எட்டிக்கூடப் பார்க்காத பிள்ளைக்கு நைனாவின் மனசு மட்டும் அத்தனை தூரத்திலிருந்தே தெரிந்துவிட்டது. சுமித்ராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் இனி மாமா என்றே கூப்பிடுவதாக ஒப்புக்கொண்டாள். அதுதான் அவள் செய்த முட்டாள்தனம்.

ஏனென்றால் அந்த வார்டில் ஏற்கெனவே ஒரு மாமா இருந்தார். பக்கத்துக் கட்டில் நாகபூஷணம். அவருக்கும் சர்க்கரை. நர்சுகள் எல்லாருக்கும் அவர் செல்ல மாமா. மறுநாள் மதியம் சின்னசாமிக்கு இன்சுலின் போட்டுவிட்டு, அதைக் குறித்து வைக்கப் போனவளைத் தலையணை சரியில்லை என்று செங்கம்மா கூப்பிட்டாள். குறிப்பதற்குள் ஷிஃப்ட் மாறிவிட்டது. மாமியாரின் காது பக்கத்திலேயே இருந்ததால், "மாமாக்கு இன்சுலின் போட்டாச்சு. பக்கத்து பெட்டுக்கு நீ போட்டுடு" என்று அடுத்த ஷிஃப்ட் நர்ஸ் அகிலாவிடம் சொல்லிவிட்டு உடை மாற்றப் போனாள்.

அகிலாவுக்கு மாமா என்றால் நாகபூஷணம்தான். அவள் நேரே சின்னசாமியிடம் வந்து பேரைக் கேட்டாள். ஆமாம் என்றார். மருமகள் தயவில் டபுள் கவனிப்பு என்று நினைத்து, இரண்டாவது ஊசிக்கும் பெருமையாக வயிற்றைக் காட்டினார். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டையும் தொடவில்லை. ஊரிலிருந்து பஸ்ஸில் கறிக்குழம்பு வந்துகொண்டிருந்ததாம்.

கறிக்குழம்புக்கு முன்னால் வேர்வை வந்தது. சுமித்ரா ஓடி வந்தபோது பெரியவர் சர்க்கரை இறங்கி, சட்டை நனைந்து, கண் செருகிக் கிடந்தார். அகிலா குளுக்கோஸ் ஏற்ற ஆரம்பித்தாள். இந்த மனுஷன் போய்விட்டால் பாவம் தன் தலையில்தான் என்று சுமித்ராவுக்குத் தெரிந்தது. கன்னத்தைத் தட்டினாள்.

"மாமா, கண்ணத் தொறங்க."

"ஏம்மா?" என்றார் நாகபூஷணம்.

"மாமா. மாமா."

"சொல்லும்மா, முழிச்சிக்கினுதான இருக்கேன்."

சுமித்ராவுக்குப் பொறுமை போயிற்று. "சின்னசாமி. ஏய் சின்னசாமி, கண்ணத் தொற" என்று வார்டே கேட்க அதட்டினாள். குளுக்கோஸ் அதற்குள் வேலை செய்திருக்க வேண்டும். ஆனால் எல்லாரும் பார்க்க, அந்தப் பேருக்குத்தான் சின்னசாமி கண்ணைத் திறந்தார்.

நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, பிரேமலதாவிடம் சுமித்ரா நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். மறுநாள் காலை ஊசியோடு வந்து நின்றாள்.

"பேரு?"

பெரியவர் மனைவியைப் பார்த்தார். "தெரியாதா இன்னா? நேத்து ஊரு கேக்கக் கூவுனியே" என்றாள் செங்கம்மா.

"பேரு சொல்லாம இனிமே ஊசி இல்ல. ரெண்டு பேர்ல யாரு சொன்னாலும் சரி."

பெரியவர் வீம்பாக வாயை இறுக்கிக்கொண்டார். இட்லி ஆறியது. சுமித்ரா அசையவில்லை. செங்கம்மா ஊசியைப் பார்த்தாள், பக்கத்துக் கட்டில் மாமாவைப் பார்த்தாள், பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"சின்னசாமி."

"சரியா கேக்கல அத்த" என்றாள் சுமித்ரா. "இன்னொரு வாட்டி சொல்லுங்க."