கட்டைவிரலில் காற்று

அந்த வீட்டில் மாப்பிள்ளை என்று சொன்னால் ஜீப்பைத்தான் சொல்கிறார்கள் என்று அர்த்தம். பெயர் வைத்தவர் அப்பா. வேளாவேளைக்குக் கவனிக்க வேண்டும், கொஞ்சம் குறை வைத்தாலும் கோபித்துக்கொண்டு நடுவழியில் உட்கார்ந்துவிடும், நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கும். இதற்கு வேறு என்ன பெயர் வைப்பது என்று கேட்பார்.

மாப்பிள்ளைக்குக் கொஞ்ச காலமாகவே உடம்பு சரியில்லை. மேட்டில் ஏறும்போது இருமும், திணறும், புகைக்குழாயில் டப்பென்று வெடிக்கும். இப்போது வண்டியை ஓட்டுகிறவள் சின்னவள். அவளும் பிளக்கை மாற்றிப் பார்த்தாள், ஒயரை மாற்றிப் பார்த்தாள். கடைசியில் மெக்கானிக் வந்து டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த தண்டை இரண்டு விரலால் ஆட்டிக் காட்டினார். விழப்போகிற பல் மாதிரி அது ஆடியது.

"எந்த சிலிண்டருக்கு எப்ப பொறி போகணும்னு சொல்றதே இதுதான். சொல்றவனே தள்ளாடினா கேக்கறவன் என்னத்தைச் செய்வான்?"

அவர் பிறந்ததிலிருந்து எதற்கும் அவசரப்பட்டதில்லை. அதனால் எல்லோரும் அவரை அவசரம் என்றே கூப்பிட்டார்கள்.

ஆனால் இன்றைக்கு நிஜமாகவே அவசரம் இருந்தது. வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்ட அக்காவை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். கட்டிலை வேறு ஆளுக்குக் கொடுத்தாகிவிட்டது, நாங்கள் வராந்தா பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்று அம்மா காலையிலேயே போன் செய்திருந்தாள். வீடு ஓடைக்கு இந்தப் பக்கம். வாடகைக் கார் எதுவும் ஓடையில் இறங்காது. நடைபாலம் உண்டு, அதைத் தாண்டினால் கல் மேடு, தையல் போட்ட வயிற்றோடு ஏற முடியாது. மலைப்பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அங்கே மழை பிடித்தால் சாயங்காலத்துக்குள் ஓடை நிறைந்துவிடும். அப்புறம் அக்காவுக்கு ராத்திரியும் அந்தப் பெஞ்சுதான்.

அவசரம் இன்றைக்குப் புது டிஸ்ட்ரிபியூட்டரோடுதான் வந்திருந்தார். பழையதைக் கழற்றும் முன், உள்ளே சுற்றுகிற ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஆணியால் கோடு கிழித்துக்கொண்டார். உருவி எடுத்த பிறகுதான் தெரிந்தது, புதியதன் அடியில் போடுகிற ரப்பர் வளையம் பொருந்தவில்லை.

"கடையில இருக்கு, போய் எடுத்துட்டு வந்துடறேன். எஞ்சினை யாரும் அசைக்காம பாத்துக்க. ஒரு சுத்து சுத்தினாலும் இந்தக் கோடெல்லாம் வெறும் கிறுக்கல்தான்."

"இப்பவாவது கொஞ்சம் வேகமா போய்ட்டு வாங்கண்ணே."

"வேகமாப் போனா வழியில விழுந்து கிடப்பேன். என்னைத் தூக்கறதுக்கும் உன் வண்டிதான் வரணும்" என்று சொல்லிவிட்டு மொபெட்டை உருட்டிக்கொண்டு போனார்.

சின்னவள் காவலுக்காக ஒரு தகர டின்னைக் கவிழ்த்துப் போட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் அக்காவுக்குத் துணையிருக்கிற ராத்திரி முறை முழுக்க அவளுடையது. தூக்கமும் இல்லை, தூங்காமலும் இல்லை என்கிற மாதிரி நாட்கள் போயிருந்தன. கண்ணை மூடவே இல்லை, சும்மா இமை கனத்தது, அவ்வளவுதான் என்று அவள் நினைத்தாள்.

கர்ர் கர்ர் என்ற சத்தத்தில் விழித்தாள்.

அப்பா ஓட்டுநர் இருக்கையில் இருந்தார். ஆயுள் முழுக்க வண்டி ஓட்டியவர். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவும் இன்னும் நினைவில் இருந்தது. சாப்பிட்டோமா என்பதுதான் மறந்துபோகும். இப்போது அவரை ஓட்ட விடுவதில்லை. ஆனாலும் தினம் ஒரு தரம் செருப்பைக் கீழே கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்து, "எழுந்திருங்க மாப்பிள்ளை" என்று சாவியைத் திருப்புவார். எஞ்சின் கொஞ்ச நேரம் ஓடும், அணைத்துவிட்டு இறங்குவார். யாருக்கு என்ன நஷ்டம்? மிச்சமிருக்கிற அந்த ஒரு சந்தோஷத்தையும் பிடுங்குவானேன் என்று சாவியை வண்டியிலேயே விட்டுவைத்திருந்தார்கள். இன்றைக்கும் அது அங்கேயே இருந்தது.

"என்னம்மா, மாப்பிள்ளை எழுந்திருக்க மாட்டேங்கறார்" என்று சொல்லி இன்னொரு தரம் திருப்பினார்.

அவள் ஓடிப்போய்ச் சாவியை உருவினாள். நாக்கு நுனி வரைக்கும் என்னென்னவோ வந்தது. ஆனால் திட்டுவதற்கும் தெம்பு வேண்டுமே. "இறங்குங்கப்பா" என்று மட்டும் சொன்னாள்.

அவசரம் திரும்பி வந்து குனிந்து பார்த்தவுடனே நிமிர்ந்தார்.

"யாரு எஞ்சினைச் சுத்தினது?"

அப்பாவும் பக்கத்தில்தான் நின்றார். "அதானே, யாரு?" என்று அவரும் கேட்டார். அவர் நடிக்கவில்லை. தெரிந்துகொள்ள நிஜமாகவே ஆசைப்பட்டார்.

"நான்தான்" என்றாள் சின்னவள். தூங்கிப்போனது அவள்தானே, பாதி உண்மைதான்.

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அறிவிருக்கா உனக்கு? டிஸ்ட்ரிபியூட்டர் வெளிய கிடக்கும்போது சாவியைத் தொடலாமா? முதல்ல பேட்டரி ஒயரைக் கழட்டி வைக்கணும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ஆனால் சொன்னது சரி. அவள் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள்.

அவசரம் வண்டியைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். ஓட்டுநர் பக்கம் கதவுக்குக் கீழே, ஜோடி சேர்ந்து, வாசலைப் பார்த்தபடி அப்பாவின் செருப்பு கிடந்தது.

"சரி, ஆனது ஆச்சு. முதல்லேர்ந்து வருவோம்."

முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றினார். உள்ளே பிஸ்டன் இரண்டு தரம் மேலே வந்தால், ஒரு தரம்தான் காற்றை அழுத்திக்கொண்டு வரும். பொறி விழ வேண்டியது அப்போதுதான். பிளக் துவாரத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டால் அந்தக் காற்று விரலைத் தள்ளும். முன்னால் நின்று ஹேண்டிலால் எஞ்சினைச் சுற்ற ஒருவர், அடியில் படுத்து, பிஸ்டன் உச்சிக்கு வந்ததைக் காட்டும் கப்பிக் கோட்டைப் பார்க்க ஒருவர், விரலை வைக்க ஒருவர். மூன்றாவது ஆள் அப்பாதான்.

"பெரியவரே, காத்து தள்ளினா சொல்லுங்க" என்று அவசரம் வண்டிக்கு அடியில் போனார்.

சின்னவள் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினாள். தோள் கழன்றுவிடும் போலிருந்தது. "கோடு வந்துருச்சு, நிறுத்து. பெரியவரே, காத்து வந்துச்சா?"

அப்பா மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எந்தக் காத்து?"

மறுபடி சுற்றினாள். மறுபடி கேட்டார்கள். இந்தத் தரம், "வந்துச்சு, வந்துச்சு" என்று அப்பா வேகமாகத் தலையாட்டினார். டிஸ்ட்ரிபியூட்டரை இறக்கி, ஒயர்களை மாட்டி, பிளக்கைப் போட்டு, அவள் சாவியைத் திருப்பினாள். கார்புரேட்டர் வாயிலிருந்து தீ துப்பி, டமாரென்று ஒரு வெடி. அவ்வளவுதான்.

"பொய்க் காத்து" என்றார் அவசரம், டிஸ்ட்ரிபியூட்டரையும் பிளக்கையும் மறுபடி கழற்றியபடி.

அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். மறுபடி யாரும் தன்னைக் கேள்வி கேட்கக் கூடாது என்பதற்காகத்தான் அவர் ஆமாம் சொல்லியிருக்கிறார். அது சின்னவளுக்குப் புரிந்தது. போன் அடித்தது. எடுத்தால் அம்மா என்ன கேட்பாள் என்று தெரியும். எடுக்கவில்லை.

மறுபடி ஹேண்டிலைப் பிடித்துக் குனிந்தாள். பிறகு சொன்னாள்: "அப்பா, நான் வண்டியைப் பின்னால எடுக்கறேன்னு வச்சுக்குங்க. பின்னாடி பள்ளம். நீங்கதான் ஆள். விரலை எடுக்காம குரல் குடுத்துக்கிட்டே இருக்கணும். காத்து தள்ளினா ஹோல்டான் போடுங்க."

அப்பாவின் முகம் மாறியது. வந்து துவாரத்தில் கட்டைவிரலை அழுத்தினார். "ம், வரலாம்" என்றார்.

அவள் சுற்றினாள்.

"வரலாம்... வரலாம்... வரலாம்... நேரா வரலாம்..." குரல் அறுபடவில்லை. குரல் ஓடுகிறவரைக்கும் ஆளும் அங்கேயே இருந்தார். "வரலாம்... வரலாம்... ஹோல்டான்."

"இன்னும் ஒரு நூல்" என்றார் அவசரம் அடியிலிருந்து. "ஆங், நில்லு. கோடும் சரி."

டிஸ்ட்ரிபியூட்டரை இறக்கும்போது பல்லும் பல்லும் கோத்துக்கொண்டு ரோட்டர் கொஞ்சம் திரும்பும். அதற்கு இடம் விட்டு, சற்றுத் தள்ளிப் பிடித்து இறக்கினார். அது தானே திரும்பி, முதல் ஒயரின் நேரே வந்து நின்றது.

மாப்பிள்ளை ஒரு தரம் இருமினார். பிறகு பிடித்துக்கொண்டார். அவசரம் டிஸ்ட்ரிபியூட்டரை இப்படியும் அப்படியும் மயிரிழை மயிரிழையாகத் திருப்ப, எஞ்சின் சத்தம் சீராகி அடங்கியது. "போ, போ. எனக்கே அவசரமா இருக்கு" என்றார்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் அக்கா தலையணையை வயிற்றோடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அப்பா முந்திக்கொண்டார். "லேட்டானதுக்கு இவதாம்மா காரணம். டிஸ்ட்ரிபியூட்டர் வெளிய இருக்கும்போது சாவியைத் திருப்பிட்டா. விளையாட்டுப் புத்தி."

அக்கா அப்பாவைப் பார்த்தாள், பிறகு தங்கையைப் பார்த்தாள்.

"ஆமாக்கா, நான்தான்."

"உனக்கு எப்பவும் இதே வேலைடி" என்று அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

ஓடையில் தண்ணீர் கலங்கி ஏற ஆரம்பித்திருந்தது. சக்கரத்தின் பாதி வரைதான், போய்விடலாம். சின்னவள் முதல் கியரில் இறக்கினாள். பின்னாலிருந்து அப்பா தலையை வெளியே நீட்டி, யாரும் கேட்காமலே, "வரலாம்... வரலாம்..." என்று குரல் கொடுத்துக்கொண்டே வந்தார். மாப்பிள்ளை ஒரு தரம்கூடத் திணறவில்லை. கரையேறியபோது அம்மா மட்டும் சத்தமாக மூச்சு விட்டாள்.

அக்காவைப் படுக்க வைத்துவிட்டுச் சின்னவள் முற்றத்துக்கு வந்தாள். அப்பாவின் செருப்பு கழற்றிய இடத்திலேயே கிடந்தது. ஆஸ்பத்திரிக்கு வெறுங்காலோடுதான் போய் வந்திருக்கிறார். யாரும் கவனிக்கவில்லை. அதை எடுத்து வாசலில் வைத்தாள்.

சாவி அவள் கையில் இருந்தது. உள்ளே எங்காவது ஒளித்து வைக்கலாம் என்று இரண்டு எட்டு நடந்தாள். பிறகு திரும்பி வந்து பானெட்டைத் தூக்கி, பேட்டரி ஒயரைத் தளர்த்திக் கழற்றி ஓரமாக வளைத்து வைத்தாள். அப்பா சொன்னபடியே.

சாவியைப் பழைய இடத்திலேயே மாட்டினாள். நாளைக்கு அவர் வந்து கூப்பிடுவார், எஞ்சின் அசையாது. மாப்பிள்ளை அசந்து தூங்குகிறார் என்று சொல்லிக்கொள்ளலாம். அவளுக்கும் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. தூறல் விழ ஆரம்பிக்கவும் உள்ளே போனாள்.