உப்புத்தண்ணீர் இல்லை

பள்ளி ஆய்வகத்தின் சேமிப்பறையில் ஆசிட் கசிந்திருந்தது. அதைத் துடைக்கத் துப்புரவுப் பெண் உள்ளே போனதும் கதவு அடித்துச் சாத்திக்கொண்டது. இழுத்தாள். கைப்பிடி கையோடு வந்துவிட்டது. சன்னலும் கிடையாது.

"பூட்டு திறக்கிறவரக் கூட்டிட்டு வரேன், அசையாம இருங்க" என்று அவள் கத்தியது கேட்டு வந்த காவலாளி வெளியிலிருந்து சொல்லிவிட்டு ஓடினார்.

பதற்றத்தில் திரும்பியவளின் கால் இடறி ஒரு கேன் கவிழ்ந்தது. அதிலிருந்த திரவம் ஆசிட்டை நோக்கி ஓடியது. கேனில் ஒட்டியிருந்த தாளில் பெயர் இல்லை, ஆங்கில எழுத்துகள் மட்டுமே இருந்தன. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்குப் போன் செய்தாள்.

"என், ஏ, சி, எல்னு போட்டிருக்குடி."

"சோடியம் குளோரைடு. வெறும் உப்புத்தண்ணிம்மா, பயப்படாத."

அவளுக்கு மனசு ஆறவில்லை. உப்புத்தண்ணீருக்கு இப்படி மூக்கைத் துளைக்கும் வாடை ஏது? கசங்கியிருந்த தாளை நீவிப் பார்த்தாள். "இரு, கடைசியில ஒரு ஓ இருக்கு."

"அப்போ அது சோடியம் ஹைப்போகுளோரைட்டு. ஆசிட்டோட கலந்தா விஷவாயு வரும். சேர விடாதம்மா."

ஓட இடமில்லை. ஆசிட்டுக்காகக் கொண்டுவந்த மணலை வாளியோடு நடுவில் கொட்டி அணை கட்டினாள். ஈரம் மணலின் பாதிவரை ஏறி நின்றது. ஸ்டூலில் ஏறிக்கொண்டாள்.

"போனை வச்சிடாத."

"வைக்கலம்மா."

பூட்டை உடைக்க நாற்பது நிமிடம் ஆனது. வெளியே வந்தவள் படியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். அந்த அறைக்குள் அதற்குப் பிறகு அவள் தனியாகப் போகவே இல்லை.